போக்கிமான் கோ ட்ரேடில் நியாயமான விலையைக் கணிப்பது: பெங்களூரு அனுபவம்

போனை வைத்துக்கொண்டு தெருவில் நடந்து போக்கிமான் என்ற உயிரினங்களைப் பிடிக்கும் போக்கிமான் கோ விளையாட்டில், அவற்றை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளும் ட்ரேடு செய்ய வருகிற புதியவர்கள் முதலில் கேட்பது, "அண்ணா, இந்த ஷைனிக்கு என்ன கேட்கலாம்?" என்பதுதான். ஷைனி என்பது வழக்கமான நிறம் மாறி அரிதாக வருவது. இந்தக் கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. வேறு சில விளையாட்டுகளில் ஒரே உயிரினம் பத்துக் கை மாறும். அதனால் அதற்குச் சந்தை விலை என்று ஒன்று உருவாகும், பட்டியல் போட்டுப் பார்க்கலாம். இங்கே ஒருமுறை கைமாறிய போக்கிமானை மறுபடி யாருக்கும் கொடுக்க முடியாது. வாங்கி விற்கும் தரகருக்கு இடமே இல்லை. போதாததற்கு, ட்ரேடுக்குக் கட்ட வேண்டிய ஸ்டார்டஸ்ட் (போக்கிமான் பிடித்தால் சேரும் தூள், சுருக்கமாக டஸ்ட்) யாரோடு செய்கிறோம் என்பதைப் பொறுத்து 25 மடங்கு வரை மாறுகிறது. ஆக, விலை என்பது இரண்டு பேருக்கு நடுவே அந்த ஒரு மாற்றத்துக்கு மட்டும் போடுகிற கணக்கு. இணையத்தில் சுற்றும் விலைப்பட்டியலை நம்பி, பெங்களூரில் நாங்கள் ட்ரேடுக்குக் கூடும் கப்பன் பார்க்குக்கு வருகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

முதலில் டஸ்ட் கணக்கு. இது தெரியாமல் எந்தப் பேரமும் பேச வேண்டாம்.

ட்ரேடு கணக்குக்கு முக்கியமான நட்புப் படிகள் நான்கு: குட், கிரேட், அல்ட்ரா, பெஸ்ட். பரிசு அனுப்பியோ, சேர்ந்து ரெய்டு (பலர் கூடி ஒரு பெரிய போக்கிமானை வீழ்த்திப் பிடிக்கும் போர்) அடித்தோ ஒரு நாள் பழகினால் குட், 7 நாளில் கிரேட், 30 நாளில் அல்ட்ரா, 90 நாளில் பெஸ்ட். சிறப்பு நிகழ்வுகள் தவிர எத்தனை முறை பழகினாலும் நாளுக்கு ஒன்றுதான் கணக்கில் ஏறும். இரண்டு பேரின் போக்கிடெக்ஸிலும் (பிடித்தவற்றின் பதிவேடு) ஏற்கெனவே இருக்கும் சாதாரண போக்கிமான் என்றால் எந்த நட்புக்கும் 100 டஸ்ட்தான். ஏற்கெனவே பதிவான ஷைனி அல்லது லெஜண்டரி (பெரும்பாலும் ரெய்டில் கிடைக்கும் பலமான அரிய வகை) என்றாலோ, பதிவாகாத சாதாரண போக்கிமான் என்றாலோ குட் நண்பருக்கு 20,000, கிரேட்டுக்கு 16,000, அல்ட்ராவுக்கு 1,600, பெஸ்ட்டுக்கு 800. பதிவாகாத ஷைனி அல்லது லெஜண்டரி என்றால் அதே வரிசையில் 10,00,000, 8,00,000, 80,000, 40,000.

இந்த எண்களை உழைப்பாக மாற்றிப் பாருங்கள். முதல் நிலைப் போக்கிமான் ஒன்றைப் பிடித்தால் 100 டஸ்ட். 40,000 என்பது 400 பிடிப்பு. 10 லட்சம் என்பது 10,000 பிடிப்பு. ஸ்டார் பீஸ் போட்டால் ஒன்றரை மடங்கு கிடைக்கும், பரிணாமம் அடைந்த நிலையில் பிடித்தால் கூடக் கிடைக்கும். ஆனாலும் அளவு புரிந்திருக்கும். முந்தாநாள் அறிமுகமானவரிடம் பத்து லட்சம் கொட்டி ஒரு புது லெஜண்டரியை வாங்குவது எந்தக் கணக்கிலும் நியாயமாகாது. எதிரில் இருப்பவர் நல்லவராக இருந்தாலும், அவர் தருவது அசல் பொருளாகவே இருந்தாலும், அந்த ட்ரேடு நஷ்டம்தான். 90 நாள் காத்திருந்தால் அதே பொருள் 40,000-க்கு வரும்.

பலரும் கவனிக்காத ஒன்று: இந்தத் தொகையை இரண்டு பேரும் கட்டுகிறார்கள். உங்களிடம் அந்த ஷைனி இல்லை, எதிராளியிடம் நீங்கள் தருவது ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெஸ்ட் நண்பர்களாக இருந்தால் அவருக்கு 800-ல் முடிந்திருக்க வேண்டியது, உங்களால் அவரும் 40,000 கட்டுகிறார். கட்டணத்தை ஏற்றுகிறவர் அந்த வித்தியாசத்தைப் பொருளில் ஈடுகட்ட வேண்டும். நாங்கள் இங்கே பின்பற்றும் வழக்கம், அவர் கேட்கும் இரண்டு மூன்று சாதாரண போக்கிமான்களை 100 டஸ்ட் ட்ரேடாகப் பிறகு கொடுப்பது. இதை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். டஸ்ட் போன பிறகு கேட்டால் மனக்கசப்புத்தான் மிஞ்சும்.

டஸ்ட்டைப் போலவே எண்ணிச் செலவிட வேண்டியது ஸ்பெஷல் ட்ரேடு. ஷைனி, லெஜண்டரி, பியூரிஃபைடு (எதிரிக் கும்பலிடமிருந்து மீட்ட ஷேடோ வகையைச் சுத்திகரித்தது), பதிவாகாத போக்கிமான் எல்லாமே ஸ்பெஷல் ட்ரேடில் சேரும். வழக்கமான நாளில் ஒன்றே ஒன்றுதான் செய்யலாம். கம்யூனிட்டி டே (ஒரே போக்கிமான் ஏராளமாக வரும் சில மணி நேரம்) போன்ற நிகழ்வுகளில் எண்ணிக்கையைக் கூட்டுவார்கள், பல முறை டஸ்ட்டையும் பாதியாக்குவார்கள். ஒருவரிடம் உள்ள ஒரே ஷைனியை ஆறு பேர் போட்டி போட்டுக் கேட்கிறார்கள் என்றால் இதுவும் காரணம்: அன்றைக்கு யாருக்கும் இரண்டாவது வாய்ப்பு இல்லை. அவசரம் இல்லாத பெரிய ட்ரேடுகளை டஸ்ட் குறையும் நாளுக்குத் தள்ளிவைப்பதுதான் எங்களுடைய உறுதியான பரிந்துரை. ஒரே பொருள் பாதி விலைக்கு வருகிறதே!

இனிப் பொருளுக்கு வருவோம். எந்தப் போக்கிமானுக்கும் இரண்டு வரம்புகளை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். மேல் வரம்பு: இந்த ட்ரேடு இல்லாமல் வேறு வழியில் அதை எடுக்க எவ்வளவு ஆகும்? கீழ் வரம்பு: கொடுப்பவர் அதை இழந்தால் திரும்ப எடுக்க அவருக்கு எவ்வளவு ஆகும்? நியாய விலை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும். இரண்டு வரம்புகளுக்கும் இடைவெளி எவ்வளவு பெரிதோ, அவ்வளவுக்கு அந்த ட்ரேடு இருவருக்கும் லாபம்.

உலகின் ஒரு பகுதியில் மட்டும் கிடைக்கும் ரீஜனல்களில் இது பளிச்சென்று தெரியும். டோர்கோல் தெற்காசியாவின் ரீஜனல். பெங்களூரில் விளையாடுகிறவரிடம் பை நிறைய இருக்கும், அவருடைய கீழ் வரம்பு பூஜ்யத்தை ஒட்டியது. அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்தவருக்கு அதே டோர்கோல் ஊருக்குத் திரும்பினால் கிடைக்காத பொருள். அவரிடம் டாரஸ் அப்படித்தான் குவிந்து கிடக்கும். ஒரு டோர்கோலுக்கு ஒரு டாரஸ் என்பது முழு நியாயம். "டாரஸ் வெளிநாட்டுப் போக்கிமான், அதற்கு ஒரு ஷைனி வேண்டும்" என்று கேட்பவர் தன் ஊரில் அதன் விலை என்ன என்பதை மறைக்கிறார்.

இந்த நகரத்தில் ரீஜனல்களின் வரத்து ஐடி வேலையோடு ஓடுகிறது. வட அமெரிக்காவுக்கு வேலையாகப் போய் வருகிறவர்கள் அதிகம் என்பதால் டாரஸ் இங்கே அவ்வளவு அரிது இல்லை. ஐரோப்பாவின் மிஸ்டர் மைம், ஆஸ்திரேலியாவின் கங்காஸ்கான், ஜப்பான் கொரியா பக்கத்து ஃபார்ஃபெட்ச் ஆகியவை அடுத்த படி. நியூசிலாந்து, ஃபிஜி பக்கம் மட்டும் வரும் ரெலிகாந்த், ஹவாயின் காம்ஃபே, தென்கிழக்கு அமெரிக்காவின் கார்னிவைன் மாதிரியானவை கொண்டுவர ஆளே குறைவு. ஆகவே "ரீஜனலுக்கு ரீஜனல்" என்ற பொதுவிதி இங்கே சரிப்படாது. எத்தனை பேர் அந்த ஊருக்குப் போய் வருகிறார்கள் என்பதுதான் விலையை நிர்ணயிக்கிறது. அல்சூரிலும் சிவாஜிநகரிலும் இருக்கிற நம் ஆட்களுக்குச் சிங்கப்பூரில் உறவுக்காரர்கள் இல்லாமல் இருக்க மாட்டார்கள். அது ஒரு பெரிய பலம், ஏனென்று கீழே சொல்கிறோம்.

ரீஜனல் விலையைக் கெடுப்பது நிகழ்வுகள். 2018 செப்டம்பரில் ஃபார்ஃபெட்ச், கங்காஸ்கான், மிஸ்டர் மைம், டாரஸ் நான்கையும், நடந்து பொரிக்கும் 7 கிலோமீட்டர் முட்டைகளில் உலகம் முழுக்க விட்டார்கள். அதுவரை பொத்திப் பொத்தி வைத்திருந்தவர்களின் இருப்பு ஒரே வாரத்தில் மலிந்தது. அதற்குப் பிறகும் பெரிய நிகழ்வுகளில் ரீஜனல்கள் எட்டிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பெரிய நிகழ்வின் போக்கிமான் பட்டியல் வெளியாகும் வரை ரீஜனலுக்கு உயர்ந்த விலை கொடுக்காதீர்கள். கையில் கூடுதலாக இருந்தால் பட்டியல் வரும் முன்பே கொடுத்துவிடுங்கள்.

இப்போது சிங்கப்பூர் விஷயம். ஏரிக்காவலர்கள் என்ற மூன்று லெஜண்டரிகளில் மெஸ்ப்ரிட் இந்தியாவையும் ஐரோப்பா, மத்தியக் கிழக்கு, ஆப்பிரிக்காவையும் சேர்ந்தது. யுக்ஸி ஆசிய பசிஃபிக் பகுதியில், ஏசெல்ஃப் அமெரிக்கக் கண்டங்களில். சிங்கப்பூரில் இருக்கும் அத்தையின் மகனிடம் யுக்ஸி இருக்கும், நம்மிடம் மெஸ்ப்ரிட் இருக்கும். இரண்டும் லெஜண்டரி, இரண்டும் அடுத்தவருக்குப் பதிவாகாதது. குட் நண்பராக இருந்தால் ஆளுக்குப் பத்து லட்சம். ஆகவே அவர் பொங்கலுக்கு வருகிறார் என்றால் செப்டம்பர் இறுதியிலேயே நண்பராகச் சேர்த்துத் தினமும் பரிசு அனுப்பத் தொடங்குங்கள். வருவதற்குள் பெஸ்ட் ஆகிவிடும், 40,000-ல் முடியும். இந்த மாற்றத்துக்கு மேல் வரம்பும் உண்டு: யுக்ஸி ரெய்டில் வரும் நாட்களில் அங்கிருந்து ஒருவர் அழைத்தால், ரிமோட் பாஸ் (தொலைவிலிருந்தே ரெய்டில் சேரும் அனுமதிச்சீட்டு) போட்டு இங்கிருந்தே அடிக்கலாம். ஒரு ரிமோட் பாஸ் 195 காயின். ஜிம்மில் (போக்கிமானைக் காவலுக்கு நிறுத்தும் இடம்) ஒரு நாளைக்கு அதிகபட்சம் 50 காயின்தான் சேரும் என்பதால் அது நான்கு நாள் ஜிம் உழைப்பு. யுக்ஸிக்கு அதைவிட அதிகமாக யார் கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை, அடுத்த ரெய்டு சுற்றுக்குக் காத்திருக்கலாம்.

ஷைனிக்கு வாய்ப்புக் கணக்கு. நிறுவனம் இந்த விகிதங்களை அறிவிப்பதில்லை, விளையாடுகிறவர்கள் பெரிய அளவில் எண்ணிச் சேர்த்தவை இவை. சாதாரணமாக வெளியில் திரிவது சுமார் 512-க்கு ஒன்று. லெஜண்டரி ரெய்டில் சுமார் 20-க்கு ஒன்று. கம்யூனிட்டி டேயில் சுமார் 25-க்கு ஒன்று. கம்யூனிட்டி டே மூன்று மணி நேரம் நடக்கும், சுறுசுறுப்பாகச் சுற்றியவரிடம் ஷைனிகள் கைநிறைய இருக்கும். அதனால் கம்யூனிட்டி டே ஷைனிக்கு அன்றைய மாலையில் விலையே இல்லை. ஒரு வருடம் கழித்து, புதிதாக விளையாட வந்தவருக்கு அதே ஷைனி மதிப்புள்ளது. கூடுதல் ஷைனிகளை உடனே புரொஃபசருக்கு அனுப்பி இழந்துவிடாமல் ஒரு டேக் (அடையாளக் குறிப்பு) போட்டு ஒதுக்கிவைப்பது நல்லது.

லெஜண்டரி ஷைனிக்குச் செலவு கணக்கு தனி. சராசரியாக 20 ரெய்டு என்றால் 20 பாஸ். தினசரி இலவசப் பாஸைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் கணிசமான காயின். இதற்குப் பதிலாக 512-க்கு ஒன்று வகையில் வந்த ஒரு ஷைனியைக் கேட்கலாமா? அரிது என்ற காரணத்தால் மட்டும் விலை வராது. மூலைக்கு மூலை திரியும், போரில் யாரும் பயன்படுத்தாத ஒன்றின் ஷைனி எவ்வளவு அரிதாக இருந்தாலும் சேகரிப்பவருக்குத்தான் வேண்டும். வாங்குபவர் சேகரிப்பவரா, போருக்கு எடுப்பவரா என்று முதலில் கேளுங்கள். சேகரிப்பவருக்கு உடுப்புப் போட்ட பிகாச்சு பெரிது. 2025 மார்ச்சில் மும்பையில் நடந்த சிட்டி சஃபாரி மாதிரியான நிகழ்வுகளில் பிடித்ததன் பின்னால் வரும் அந்த இடத்தின் படமும் (இடப் பின்னணி) அவருக்குப் பெரிது. போருக்கு எடுப்பவருக்கு இவை சுமை.

போருக்கு எடுப்பவர்களிடம்தான் மிக அதிகமான தவறான விலை சொல்லப்படுகிறது. "இது ஹண்டோ, அதனால் கூடக் கொடு" என்பார்கள். ஐவி என்பது தாக்குதல், தற்காப்பு, உயிர் ஆகிய மூன்றுக்கும் 0 முதல் 15 வரை கிடைக்கும் எண்கள்; மூன்றும் 15 என்றால் ஹண்டோ. ட்ரேடில் ஐவி மறுபடி புதிதாகக் குலுக்கப்படும். கொடுப்பவரிடம் இருந்த 15/15/15 வாங்குபவரிடம் வராது. ஹண்டோவுக்காக ஒரு பைசா கூடுதலாகக் கொடுப்பதும் வீண், ஹண்டோவை ட்ரேடில் கொடுப்பதும் வீண். கைமாறும்போது அப்படியே வருவது ஷைனி, உடுப்பு, பின்னணி, பிடித்த இடமும் தேதியும், மூவ்கள் (போரில் தாக்கும் முறைகள்) போன்றவைதான். கம்யூனிட்டி டேயில் மட்டும் கிடைத்த மூவ் உள்ள போக்கிமான் என்றால் அந்த மூவுக்கு விலை கொடுக்கலாம். லெவல் உங்களுடைய எல்லையைத் தாண்டினால் இறக்கித் தரப்படும்.

குலுக்கலின் அடிமட்டம் நட்பைப் பொறுத்தது. குட் நண்பருக்கு ஒவ்வொரு எண்ணும் குறைந்தது 1, கிரேட்டுக்கு 2, அல்ட்ராவுக்கு 3, பெஸ்ட்டுக்கு 5, ட்ரேடு லக்கி ஆனால் (கீழே விளக்குகிறோம்) 12. பெஸ்ட் நண்பரிடம் ஹண்டோ விழும் வாய்ப்பு 1,331-ல் ஒன்று, லக்கியில் 64-ல் ஒன்று. ரெய்டில் பிடித்தால் அடிமட்டம் 10, வாய்ப்பு 216-ல் ஒன்று. அதாவது ரெய்டில் வந்த லெஜண்டரியை லக்கி இல்லாமல் மாற்றினால் ஐவி பெரும்பாலும் இறங்கும். சேகரிப்புக்கு மட்டும்தான் அந்த மாற்றம் பொருந்தும்.

பலத்துக்கு உச்சவரம்பு உள்ள கிரேட் லீக் போட்டியில் விளையாடுகிறவர்களுக்கு இது தலைகீழ். அவர்களுக்குத் தாக்குதல் எண் குறைவாக இருப்பது பெரும்பாலான போக்கிமான்களில் நல்லது. பெஸ்ட் நண்பரிடம் மாற்றினால் 5-க்குக் கீழே போகாது, அந்தப் போக்கிமான் லீக்குக்கு வீணாகலாம். 0 எந்த ட்ரேடிலும் வராது. லீக்குக்காக மாற்றுகிறவர்கள் சாதாரணப் போக்கிமானைக் குட் நண்பரோடுதான் மாற்ற வேண்டும். ஒரே போக்கிமானுக்கு ஒருவரிடம் நட்பு கூடினால் லாபம், இன்னொருவரிடம் நட்பு கூடினால் நஷ்டம் என்பதைப் பேரத்துக்கு முன்பே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

லக்கிதான் இந்த விளையாட்டின் உண்மையான செல்வம். லக்கி ஆனால் இரண்டு பேருடைய போக்கிமானும் லக்கி ஆகும், வளர்க்க டஸ்ட் பாதிதான். லெவல் 20-லிருந்து 40 வரை ஏற்ற 2,25,000 டஸ்ட் வேண்டும், லக்கிக்கு 1,12,500. பெஸ்ட் நண்பர்கள் சில நேரம் லக்கி நண்பர்களாக மாறுவார்கள், அடுத்த ட்ரேடு உறுதியாக லக்கி. அந்த ஒற்றை வாய்ப்பை ஷைனி பார்த்துச் செலவழிப்பதைவிட, டஸ்ட் அதிகம் விழுங்கும் பலமான லெஜண்டரிக்கு வைப்பது புத்திசாலித்தனம். இரண்டு பேருமே அப்படிப்பட்ட ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் நியாயம். ஒருவர் பலமான லெஜண்டரியைக் கொடுக்க மற்றவர் ஏதோ ஒன்றைத் தள்ளிவிடுவது, இருவருக்கும் கிடைத்த பரிசில் ஒருவர் பங்கை வீணடிப்பதாகும்.

லக்கி நண்பர் இல்லாதபோதும் சாதாரண ட்ரேடு தற்செயலாக லக்கி ஆகலாம். பிடித்து நாளாகியிருந்தால் அந்த வாய்ப்பு கூடும். விளையாட்டு இந்தியாவுக்கு அதிகாரபூர்வமாக வந்ததே 2016 டிசம்பரில்தான் என்பதால், 2016 தேதியிட்டவை இங்கே சிலரிடம்தான் இருக்கும். எங்கும் கிடைக்கும் பிட்ஜி ஒன்று என்றாலும் பழைய தேதி இருந்தால் சும்மா கொடுத்துவிடாதீர்கள்.

கேண்டிக்காகவே (போக்கிமானை வளர்க்கவும் பரிணாமம் அடையச் செய்யவும் தேவைப்படுவது) நடக்கும் 100 டஸ்ட் ட்ரேடுகளை மலிவாக நினைக்க வேண்டாம், நாளுக்கு நூறு வரை செய்யலாம். இரண்டு போக்கிமான்களும் பிடிபட்ட இடங்களுக்கு நடுவே 10 கிலோமீட்டருக்குள் இருந்தால் 1 கேண்டி, 10 முதல் 100 வரை 2, அதற்குமேல் 3. பெங்களூரில் பிடித்ததை ஓசூரில் பிடித்ததோடு மாற்றினால் 2. வேலூர், சேலம், சென்னை எல்லாம் 3. ஊருக்குப் போகும்போது பேருந்து நின்ற இடத்தில் பிடித்ததைக்கூட வைத்திருங்கள். தேடல் பெட்டியில் டிஸ்டன்ஸ் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விடாமல் 100 என்று போட்டு, ஒரு சிறு கோடு சேர்த்தால் தூரத்தில் பிடித்தவை மட்டும் வரும்.

ட்ரேடில் வந்தால் கேண்டி இல்லாமல் பரிணாமம் அடைபவையும் உண்டு. மச்சோக், ஹான்டர், கடாப்ரா, கிரேவ்லர் 100 கேண்டியை மிச்சப்படுத்தும். குர்டர், போல்டோர், ஃபான்டம்ப் 200. ஆளுக்கு ஒரு குர்டர் மாற்றிக்கொண்டால் ஆளுக்கு 200 கேண்டி லாபம். நூறு டஸ்ட்டில் இதைவிட நல்ல ட்ரேடு இல்லை.

ட்ரேடு திரையில் தவறுவது பெரும்பாலும் அவசரத்தால். ஷைனியா என்று நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், சில ஷைனிகளின் நிற வித்தியாசம் வெயிலில் போன் திரையில் தெரியாது. மினுக்கும் நட்சத்திரக் குறியைப் பாருங்கள். பெயரை நம்ப வேண்டாம், அதை யாரும் மாற்றி வைக்கலாம். எதிராளி கடைசி நொடியில் போக்கிமானை மாற்றினால் நீங்களும் முதலிலிருந்து சரிபார்த்த பிறகே உறுதி செய்யுங்கள். கட்ட வேண்டிய டஸ்ட்டும் அதே திரையில் காட்டும். எதிர்பார்த்த எண்ணைவிட ஒரு பூஜ்யம் கூடுதலாக இருந்தால் நட்புப் படி ஏறவில்லை என்று பொருள், அங்கேயே நிறுத்துங்கள். உறுதி செய்தபின் திரும்பப் பெற வழியே கிடையாது. ஷேடோ போக்கிமானும், மெல்டன் மெல்மெட்டல் தவிர்த்த மித்திக்கல்களும் (மியூ போன்ற தனி அரிய வகை) ட்ரேடாகவே ஆகாது. "மியூ தருகிறேன்" என்று யாராவது முன்பணம் கேட்டால் அது மோசடி, வேறு விளக்கம் தேவையில்லை.

பணம் வாங்கிப் போக்கிமான் கொடுப்பது விதிமீறல், கணக்குப் போய்விடும் ஆபத்து உண்டு. வாட்ஸ்அப் குழுக்களில் யுபிஐயில் அனுப்பச் சொல்லும் விலைகளை நியாய விலைக்கு அளவுகோலாக எடுக்கவே கூடாது. அந்தப் போக்கிமான்களில் பல, போலி இருப்பிடம் காட்டிப் பிடித்தவை. நடந்து, ரெய்டு அடித்து, டஸ்ட் சேர்த்தவரின் உழைப்பு அந்த விலையில் கணக்கிலேயே வராது. பள்ளிப்பிள்ளைகள் கூட்டத்தில் இருந்தால் பெரியவர்கள் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும். சின்னவனிடம் உள்ள அரிய ஒன்றை, அவனுக்கு அதன் மதிப்புத் தெரியாது என்பதற்காகக் கம்யூனிட்டி டே ஷைனி ஒன்றுக்கு வாங்குவது திருட்டுக்குச் சமம். அவனுக்கு மேல் வரம்பையும் கீழ் வரம்பையும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் பிறகு பேரம் பேசுங்கள்.

வழக்கமாக ட்ரேடுக்கு இரண்டு பேரும் 100 மீட்டருக்குள் நிற்க வேண்டும். கப்பன் பார்க்கில் கூட்டம் பிரிந்து பிரிந்து நிற்கும்போது எதிராளியின் பெயர் திரையில் வராமல் போவது இதனால்தான். மெட்ரோ நிலையத்தின் பக்கமோ நூலகத்தின் பக்கமோ ஒரே இடமாகக் குறித்துக்கொள்ளுங்கள். வருவதற்கு முன் கொடுப்பவற்றுக்கு ஒரு டேக், கொடுக்கவே கூடாதவற்றுக்கு ஒரு டேக், அன்றைய ஸ்பெஷல் ட்ரேடு யாருக்கு என்ற முடிவு, கையிருப்பு டஸ்ட் இவற்றைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.